விசிறி சுற்றினால்தான் நெருப்பு

ஹைதராபாத் ட்ரூப் பஜாருக்கு கேஸ் கீசர் வாங்க வருகிறவர்கள் முதலில் எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். அடுத்தது விலை. வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுப்பீர்களா என்பது அதற்கும் அடுத்தது. டப்பாவின் அடியில் சுருட்டி வைத்திருக்கும் மூணு பின் பிளக்கைக் கவனிக்கிறவர்களே குறைவு. கவனித்தவர்களும், "கேஸ்ல ஓடுறதுக்குக் கரண்ட் எதுக்கு?" என்று முகம் சுளித்துவிட்டு, பக்கத்தில் மலிவாக இருக்கும் பிளக் இல்லாத மாடலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தப் பிளக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். செகந்திராபாத்தில் வீட்டு வயரிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவள் நான். அப்பா லாலாகுடா ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். டெஸ்டர் பிடிக்க அவரிடம்தான் கற்றேன். மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர்ப் பழைய வீடுகளும் கொண்டாபூர், மணிகொண்டா புது அடுக்குமாடிகளும் எனக்குச் சோறு போடுகின்றன. இரண்டு பக்கமும் டிசம்பர் வந்தால் ஒரே பேச்சு, கீசர்.

2022 அக்டோபரில் லங்கர் ஹவுஸ் பகுதியில் ஓர் இளம் தம்பதி குளியலறையில் எலக்ட்ரிக் கீசரிலிருந்து ஷாக் அடித்து இறந்துபோனார்கள். ஊரே நடுங்கிய செய்தி. அதற்குப் பிறகு எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, "கரண்ட் கீசரே வேண்டாம், கேஸுக்கு மாறிடறோம்" என்பதாக இருந்தது. மாறியும் போனார்கள். 2023 மார்ச்சில், ஹோலி விளையாடிவிட்டு வண்ணம் கழுவக் குளியலறைக்குள் போன தம்பதிகள் மும்பை காட்கோபரிலும் காஜியாபாத் பக்கம் முராத்நகரிலும் இறந்து கிடந்தார்கள். இரண்டு இடத்திலும் சந்தேகம் விழுந்தது கேஸ் கீசர்மேல். ஒரு பயத்திலிருந்து தப்பி இன்னொன்றின் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

நம் ஊரில் விற்கும் கேஸ் கீசரில் இரண்டு சாதி உண்டு. முதலாவது, இரண்டு பெரிய பேட்டரி செல் போட்டால் ஓடுவது. 3 வோல்ட்தான் அதன் மின்சாரம் மொத்தமும். குழாயைத் திறந்தால் தண்ணீர் அழுத்தத்தில் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு நகர்ந்து குட்டி ஸ்விட்சைத் தட்டும், 'டக்டக்' என்று பொறி பறக்கும், கேஸ் வால்வு திறக்கும், பற்றிக்கொள்ளும். எரிந்த புகை தலைப்பக்கத்துச் சந்து வழியாக அதே அறைக்குள்ளேயே வரும். குழாய் வைத்து வெளியே விடுகிற மாடல்களிலும் புகை தானாக மேலே போனால்தான் உண்டு. பல மாடல்கள் 20 நிமிடம் எரிந்ததும் தானே அணைந்துவிடும். அதுவும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அறைக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று கடிகாரத்துக்குத் தெரியாது.

இரண்டாவது சாதியில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது. எரிந்த புகையை அதுவே இழுத்து, உலோகக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே தள்ளும். மூணு பின் பிளக் அந்த விசிறிக்காக.

விசிறி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற சுமார் 10.5 கிலோவாட் வேண்டும். நாம் பயந்து பயந்து தனி வயர் இழுத்து மாட்டும் 3 கிலோவாட் எலக்ட்ரிக் கீசர்கள் மூன்றரைக்குச் சமம் இது. அதற்கு மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் எரிய வேண்டும். ஒரு கிலோ எல்.பி.ஜி. சுத்தமாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 200 லிட்டர். நம் குளியலறை ஐந்தடிக்கு ஏழடி, உயரம் எட்டடி என்று வைத்தால் உள்ளே இருக்கும் காற்று மொத்தம் சுமார் 8,000 லிட்டர். கால் மணி நேரம் நிதானமாகக் குளித்தால் 3,000 லிட்டர் காற்றை அடுப்பு தின்றுவிடுகிறது. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருப்போம், கதவும் தாழ். வெளியிலிருந்து புதுக்காற்று எங்கே வரும்? எரிந்த காற்றே திரும்பத் திரும்ப பர்னருக்குள் போகும்போது நெருப்புக்கு மூச்சு முட்டுகிறது. கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதில் அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் கெட்டிக்காரத்தனம் உள்ளது. தலை சுற்றும், கால் தளரும், தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தோன்றுகிற நேரத்தில் கை எழாது.

இதில் வைத்தியர்களையே குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் தலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டால் சிலருக்கு வலிப்பு வரும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தவரைப் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பதற்கு இடமிருந்தது. கேஸ் கீசர் பரவிய பிறகு, நச்சுக் காற்றினாலும் இதே மாதிரி விழுகிறார்கள் என்று நரம்பியல் மருத்துவர்கள் தனியாகப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள். இன்று குளியலறையில் மயங்கியவரைக் கொண்டுபோனால், வீட்டில் என்ன கீசர் என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிடுவது நல்லது.

சரி, விசிறிக்கு வருவோம். விசிறி வெறுமனே சுற்றுகிறது என்று நினைத்தால் பாதிதான் புரிந்தது. குழாயைத் திறந்ததும் முதலில் தண்ணீர் ஓடுகிறதா என்று உள்ளே பார்க்கும். பிறகு விசிறி சுற்றத் தொடங்கும், நெருப்பு இன்னும் இல்லை. விசிறியின் பக்கத்தில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய், ஒரு வட்ட டப்பாவுக்குப் போகும். அதுதான் காற்றழுத்த ஸ்விட்ச். விசிறி உண்மையிலேயே காற்றைத் தள்ளுகிறது, வெளிக்குழாய் அடைபடவில்லை என்று அந்த டப்பாவுக்கு நிச்சயமானால் மட்டுமே அது தொடர்பு கொடுக்கும். அப்புறம்தான் பொறி, அப்புறம்தான் கேஸ். பற்றியதும் நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வழியாக மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டம் பர்னர் உடம்புக்குப் பாயும். அது பாய்ந்தால் நெருப்பு இருக்கிறது என்று பொருள். நின்றால் கேஸ் மூடும். குழாயை மூடிய பின்னும் விசிறி சில நொடிகள் சுற்றி, உள்ளே தங்கிய புகையைத் தள்ளிவிட்டுத்தான் ஓயும்.

கடைசியில் சொன்னதை நம் வீடுகளில் கெடுப்பது நாம்தான். எலக்ட்ரிக் கீசர் பழக்கத்தில் குளித்து முடித்த கையோடு சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைத்துவிடுகிறோம். விசிறி பாதியில் நிற்கிறது; ஈரமும் புகையும் உள்ளேயே தங்கி உலோகத்தை அரிக்கிறது. இந்த ஸ்விட்சை ஒரு நிமிடமாவது விட்டுத்தான் அணைக்க வேண்டும். அணைக்காமலே விட்டாலும் சும்மா இருக்கும்போது அது இழுக்கும் கரண்ட் அற்பம்.

கரண்ட் போனால் விசிறி நிற்கும், நெருப்பும் அணையும். சோப்பு நுரையோடு நிற்கிறவருக்கு எரிச்சல் வரும். இந்த மாதிரி எரிச்சல்தான் ஜப்பானில் பலரைக் கொன்றது என்றால் நம்புவீர்களா?

பாலோமா அங்கே பெரிய கீசர் கம்பெனி. 1980-களில் அவர்கள் செய்த விசிறி வைத்த கேஸ் கீசர்களில், விசிறி ஓடாவிட்டால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு இருந்தது. காலப்போக்கில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சால்டரிங் விரிந்து, கீசர் பற்றாமல் அடம்பிடித்தது. பழுது பார்க்க வந்தவர்கள் சிலர் புதுப் பெட்டி மாற்றுவதற்குப் பதிலாக, பாதுகாப்பு முனைகள் இரண்டை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார்கள். கீசர் பற்றியது. வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதன் பிறகு விசிறி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், ஏன் பிளக்கே சொருகாவிட்டாலும் கேஸ் எரிந்தது. 1985 முதல் 2005 வரை இந்த வகை கீசர்களில் 28 விபத்துகள், 21 சாவுகள்; பெரும்பாலானவை இந்த வயர் துண்டால். ஊருக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஒன்றாக நடந்ததால் யாரும் கோர்த்துப் பார்க்கவில்லை. 2005 நவம்பரில் டோக்கியோவில் ஓர் இளைஞர் இறந்த பிறகுதான் நூல் பிடித்துப் போய், 2006 ஜூலையில் அரசு விஷயத்தை வெளியிட்டது. அந்த ஆண்டே நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, கடுமையான விபத்துகளைக் கம்பெனிகள் உடனே அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். 2010 மே மாதம் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கம்பெனியின் முன்னாள் தலைவரையே குற்றவாளி என்றது. வயரைச் சொருகியது அவர் கையல்ல. தெரிந்தும் கீசர்களைத் திரும்பப் பெறாமல் இருந்ததற்காக.

ஜப்பான் கதையை நான் சும்மா படித்து வைத்திருக்கவில்லை. மாரேட்பள்ளியில் ஒரு தமிழ் மாமி வீட்டு போர்டில், லோடு மீறினால் தானே விழும் எம்.சி.பி. ஸ்விட்சை மாற்றப் போயிருந்தேன். வேலை முடிகிற நேரத்தில், "ஏம்மா, கீசர் பக்கத்துல ஒரு பிளக் சும்மா தொங்கறது, அதை வேணா எடுத்துடேன்" என்றார்.

"மாமி, அது சொருகாம கீசர் எப்படி ஓடும்?"

"நன்னா ஓடறதே! போன வருஷம் ரிப்பேருக்கு வந்தவன் என்னமோ பண்ணினான். இப்ப கரண்ட் போனாக்கூட வெந்நீர் வரது."

மூடியைக் கழற்றினேன். காற்றழுத்த ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் நடுவில் பச்சை வயர் துண்டு. பற்றவைக்கும் போர்டுக்குத் தனியாக பேட்டரி டப்பா ஒன்று. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'டைரக்ட்'. "சேஃப்டி பிராப்ளம், டைரக்ட் பண்ணிட்டேன்" என்பார்கள். மிக்ஸி ஸ்விட்சை டைரக்ட் பண்ணினால் மிக்ஸிதான் போகும். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் கேஸ் வால்வை மூடிவிட்டு ஆளை வெளியே அனுப்பலாம். மாமியின் கீசரில் ஸ்விட்ச் கெட்டிருக்கவே இல்லை. வெளிக்குழாயின் வாயில் புறா கூடு கட்டியிருந்தது. புகை போக வழியில்லை என்று அந்த டப்பா தன் வேலையைச் சரியாகச் செய்து கீசரை நிறுத்தியிருக்கிறது. வந்தவர் அதன் வாயைக் கட்டிவிட்டார். மாமி தப்பித்ததற்குக் காரணம், கீசர் குளியலறையில் இல்லாமல், கம்பி வலை மட்டும் போட்ட திறந்த வாஷ் ஏரியாவில் இருந்தது.

இப்போது வயரிங். விசிறியும் போர்டும் சேர்ந்து 40 வாட் அளவுதான் பெரும்பாலான மாடல்களில். 230 வோல்ட்டில் அது ஆம்பியரில் கால் பங்குகூட இல்லை. ஆகவே வயர்மேன்களுக்கு இதன்மேல் மரியாதையும் இல்லை. லைட் ஸ்விட்சிலிருந்து ஒரு லூப் எடுப்பார்கள்; எக்ஸாஸ்ட் ஃபேன் பாயிண்டில் கூட்டிக் கட்டுவார்கள்; வாஷிங் மெஷின் சொருகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இதையும் குத்திவிடுவார்கள். வாட் குறைவு என்பதால் வயர் தடிமனாக வேண்டாம் என்பது சரிதான். ஆனால் இந்த லைனில் வோல்டேஜ் ஆடக்கூடாது. காலை ஏழு மணிக்கு அடுக்குமாடியில் போர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஓடும்போது, இளைத்த வயரின் நுனியில் தொங்கும் பாயிண்டில் வோல்டேஜ் சரியும். விநியோக நிறுவனம் 230-க்கு மேலும் கீழும் 6 சதவீதத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அது மீட்டர் வரைக்கும். வீட்டுக்குள் விழுவதற்கு வயர்மேன்தான் பொறுப்பு. விசிறி தளர்ந்தால் அழுத்தம் குறையும், கீசர் அணையும். பாதிக் குளியலில் அணைகிற கீசரைத்தான் அப்புறம் யாராவது வந்து டைரக்ட் பண்ணுகிறார்கள். மோசமான வயரிங் நேரடியாக ஆளைக் கொல்வதைவிட இப்படிச் சுற்றிவளைத்துக் கொல்வதுதான் இங்கே நடக்கிறது என்பது என் கணிப்பு.

அதனால் நான் போடும் வீடுகளில் இதற்குத் தனி லைன். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் மூன்று: ஃபேஸ், நியூட்ரல், எர்த். போர்டில் தனியாக 6 ஆம்பியர் எம்.சி.பி. பில்டர் எலக்ட்ரிக் கீசருக்கென்று விட்டுப்போன 16 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் அதில் சொருகலாமா என்று கேட்பார்கள். சொருகினால் ஓடும். ஆனால் அதன் பின்னால் இருப்பது 20 ஆம்பியர் எம்.சி.பி.; கீசரின் சன்னமான கயிறு வயருக்குக் காவல் என்று பார்த்தால் அது ரொம்பத் தாராளம். அந்த எம்.சி.பி.யை 6 ஆம்பியராக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, சில நூறு ரூபாய் செலவு. இங்கிலாந்தில் கேஸ் பாய்லருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட தனி இணைப்பு கொடுப்பது வழக்கம்.

டல்லாஸில் பல வருஷம் இருந்துவிட்டு மணிகொண்டாவில் வீடு வாங்கிய ஒருவர், அங்கே தன் வீட்டு கீசருக்கு மேலே ப்ளோயர் வைத்து பிவிசி குழாயில் புகை போகும், இங்கேயும் பிவிசியே போடலாமே என்றார். அங்கே தொட்டி கீசர். ப்ளோயர் அறைக்காற்றைக் கலந்து புகையை ஆறவைத்துத் தள்ளுகிறது. நம் சின்ன கீசரிலிருந்து வரும் புகையின் சூட்டுக்கு பிவிசி இளகித் தொங்கிவிடும். மின் விதியைப் பற்றியும் கேட்டார். அமெரிக்க மின் விதித்தொகுப்பு வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலைக்குத் தனி சர்க்யூட் கட்டாயம் என்கிறது. ப்ளோயர் வைத்த கீசரை அந்த விதி தொடுவதில்லை, கம்பெனிக் கையேட்டைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேயும் தனி லைன் போடுவது நல்ல வயர்மேனின் மனசாட்சியைப் பொறுத்தது என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எர்த் விஷயத்தில் ஹைதராபாத்துக்கு ஒரு தனிச் சிக்கல். கீழே கருங்கல் பாறை. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கியிருப்பார்கள். இரண்டு கோடை கழிந்தால் காய்ந்து எர்த் பெயருக்கு மட்டும் இருக்கும். பழைய பங்களாக்களில் குழி எங்கே என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாது, மேலே கார் நிற்கும். கேஸ் கீசருக்கு எர்த் இரண்டு காரணத்துக்காக வேண்டும். விசிறி மோட்டாரில் கசிவு வந்தால் அது கீசரின் தகட்டில் ஏறி, தண்ணீர்க் குழாய் வழியாகக் குளிப்பவர் கைக்கு வரும். இன்னொன்று, நெருப்பைப் பார்க்கும் அந்த மைக்ரோ ஆம்பியர் கம்பி. சில மாடல்களில் எர்த் சரியில்லாவிட்டாலோ ஃபேஸ் நியூட்ரல் மாறியிருந்தாலோ, நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே இல்லை என்று நினைத்து அணைத்துவிடும். மெக்கானிக் போர்டை மாற்றுவார்; கோளாறு தோட்டத்துக் குழியில் இருக்கும். கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுங்கள்.

கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்; உயிர்காக்கும் அளவு அதுதான். கரண்ட் போனாலும் வெந்நீர் வேண்டும் என்கிறவர்களுக்கு நேர்மையான வழி இன்வெர்ட்டர். 40 வாட் அதற்குத் தூசு. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலை போடும் பழைய இன்வெர்ட்டரில் விசிறி மோட்டார் உறுமிச் சூடாகும். இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலையும் வீட்டு நியூட்ரலையும் போர்டுக்குள் கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்ட வீடுகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஸ்விட்சும் பிளக்கும் குளியலறைக்கு வெளியே. கீசரும் வெளியேதான், விசிறி வைத்ததாக இருந்தாலும். புகைக்குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து இருக்க வேண்டும், மழை உள்ளே வராதபடி. வாயில் வலை, புறாவுக்காகவும் குளவிக்காகவும். முக்கியமாக, குழாயை டக்டுக்குள் விடாதீர்கள். நம் அடுக்குமாடிகளில் குளியலறை வென்டிலேட்டர்கள் எல்லாம் திறப்பது அந்த இருண்ட பள்ளத்தில்தான். சூடான புகை மேலேறி மூன்றாம் மாடி வென்டிலேட்டரில் நுழையும். உங்கள் கீசர் நன்றாக வேலை செய்யும், மேல்வீட்டுக் குழந்தைக்குத் தலைவலி வரும். சமையலறை சிம்னியும் ஒரு எதிரி. மூடிய வீட்டில் அது காற்றை உறிஞ்சும்போது, விசிறியில்லாத கீசரின் குழாய் வழியாகப் புகை திரும்பி உள்ளே வரும். தோசை சுடும் நேரத்தில் யாரும் குளிக்கக் கூடாது என்று சட்டம் போட முடியுமா?

எல்.பி.ஜி. மினி கீசருக்கு ஐ.எஸ். 15558 என்ற இந்தியத் தரம் 2005-இலேயே வந்துவிட்டது. வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். பாக்யநகர் கேஸ் நிறுவனத்தின் குழாய் எரிவாயு வந்த வீடுகளில், சிலிண்டருக்கு வாங்கிய கீசரை அப்படியே மாட்டக் கூடாது. அழுத்தமும் வேறு, ஜெட் துளையும் வேறு.

விசிறி கீசர் ஏற்கனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து, கண்ணாடித் துளையில் நெருப்பு தெரியும்படி நின்றுகொண்டு, சுவர் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். நெருப்பு உடனே போக வேண்டும். போகவில்லை என்றால் யாரோ உள்ளே டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள்: கேஸ் வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கம்பெனி ஆள் வந்து அந்த வயர் துண்டை உங்கள் கண்முன் எடுக்கும்வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள்.